அப்பா சொல்லும் ‘கேட்’ எது? மேற்படிப்புக்கு கேட் எழுதுவதா, ஜி.ஆர்.இ. எழுதுவதா?

பொம்மனஹள்ளி_பையன் | ஞாயிறு, இரவு 11:42

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூருவுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் இ.சி.இ. முடித்தேன், சி.ஜி.பி.ஏ. 7.4. இப்போது எலக்ட்ரானிக் சிட்டியில் சிப் வெரிஃபிகேஷன் வேலை. மேலே படிப்பது என்பது முடிவாகிவிட்டது. எங்கே என்பதில்தான் இன்னும் இழுபறி.

போன வாரம் அப்பா போனில் “கேட் எழுதுடா” என்றார். எந்த கேட் என்று கேட்டேன். “கேட்டுன்னா கேட்டுதான், அதில என்ன எந்த கேட்டு” என்று சொல்லி வைத்துவிட்டார். எதிர்வீட்டுப் பெண் எழுதி ஐ.ஐ.எம். போனதும் கேட்தான், சித்தப்பா பையன் எழுதி எம்.டெக். போனதும் கேட்தான், அவர் மனதில் இருப்பது எது என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. இதற்கு நடுவில் அறை நண்பன் ஜி.ஆர்.இ.க்கு இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம் கட்டிவிட்டுக் குளியலறைக் கண்ணாடியில் ஆங்கில வார்த்தைகளை ஒட்டி வைத்திருக்கிறான். பல் தேய்க்கும்போது என் முகமே எனக்குத் தெரிவதில்லை.

இந்தத் தேர்வுகளில் எது எதற்கு, மார்க் எப்படிப் போடுகிறார்கள், எனக்கு எது சரிவரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கோச்சிங் சென்டர்காரர்கள் தயவுசெய்து வேண்டாம், ஏற்கெனவே தினம் நான்கு போன் வருகிறது.

மாரத்தஹள்ளி_மாமா | திங்கள், காலை 6:58

தம்பி, முதலில் ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம். ஐ.ஐ.எம். காரர்கள் நடத்தும் CAT-ஐ இந்த இழையில் ‘பூனை’ என்று எழுதுவோம். எம்.டெக்.குக்கான பொறியியல் தேர்வை (GATE) மட்டும் கேட் என்போம். இல்லையென்றால் நாளைக்குள் பத்துப் பேர் வந்து பத்து விதமாகக் குழப்பிவிட்டுப் போவார்கள்.

கேட், ஐ.ஐ.டி.க்களும் நம்ம ஊர் டாடா இன்ஸ்டிடியூட்டும் சேர்ந்து நடத்துவது. (ஐ.ஐ.எஸ்.சி. என்று பஸ்ஸில் கேட்டால் பழைய கண்டக்டர்கள் முழிப்பார்கள், டாடா இன்ஸ்டிடியூட் என்றால் உடனே சீட்டுக் கிழிப்பார்கள்.) நீ நான்கு வருடம் படித்த பாடம்தான் கேள்வி: சிக்னல்ஸ், நெட்வொர்க்ஸ், எலக்ட்ரோமேக்னடிக்ஸ் எல்லாம். ஜி.ஆர்.இ. அமெரிக்காவில் இருக்கும் இ.டி.எஸ். என்ற தேர்வு நிறுவனம் நடத்துவது. அதில் உன் பாடம் எதுவும் கிடையாது. ஆங்கிலம் படித்தால் புரிகிறதா, பத்தாம் வகுப்புக் கணக்கை ஏமாறாமல் போடுகிறாயா, அரை மணி நேரத்தில் ஒரு கருத்தைக் கோர்வையாக எழுதுகிறாயா, இவ்வளவுதான் பார்ப்பார்கள். இ.சி.இ. படித்தவனும் வரலாறு படித்தவளும் ஒரே வினாத்தாளுக்கு உட்காருவார்கள்.

முக்கியமான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கேட் ரேஷன் கடை வரிசை மாதிரி. உன் இடம் எத்தனையாவது என்பதுதான் பேச்சு, எம்.டெக். சீட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த எண்ணே முடிவு. ஜி.ஆர்.இ. ஜாதகம் மாதிரி. பொருந்தாவிட்டால் பேச்சை எடுக்க மாட்டார்கள், பொருந்திவிட்டது என்பதற்காக யாரும் பெண் கொடுத்துவிடவும் மாட்டார்கள். சில வீடுகளில் இப்போது ஜாதகமே கேட்பதில்லை.

அதனால் எந்தத் தேர்வு என்று ஆரம்பிக்காதே. எந்த ஊர், என்ன படிப்பு, யார் காசு என்று ஆரம்பி.

தயிர்சாதம் | திங்கள், காலை 9:20

மாமா, அந்தச் சில வீடுகள் இப்போது பல வீடுகள் ஆகிவிட்டன. ஜி.ஆர்.இ. செத்த பாம்பு, அதை ஏன் அடிக்கிறீர்கள்? எம்.ஐ.டி.யின் மின்னியல், கணினித் துறையே அதைக் கேட்பதில்லை. ஜார்ஜியா டெக்கின் ஆன்லைன் கணினி முதுகலைக்கும் வேண்டாம். உயிரியல் பி.எச்டி. பக்கம் 2017 வாக்கிலேயே ஒவ்வொரு துறையாகக் கழற்றிவிட ஆரம்பித்தார்கள், கொரோனா வந்தபோது மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த 2017-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ பி.எச்டி. மாணவர்களை எடுத்து ஆராய்ந்தார்கள். ஜி.ஆர்.இ. மார்க்குக்கும், யார் பட்டத்தை முடிக்கிறார்கள், யார் எத்தனை ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள் என்பதற்கும் சம்பந்தம் இல்லை என்று வந்தது.

1930-களில் ஹார்வர்ட், யேல் மாதிரி நான்கு பல்கலைக்கழகங்கள் தங்கள் மாணவர்களை அளக்க ஆரம்பித்த விஷயம். அதற்குப் பொம்மனஹள்ளியில் இருக்கும் ஒரு பையன் ஏன் ஒரு மாச வாடகையைக் கட்ட வேண்டும்? அந்தக் காசில் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கலாம், போகிற ஊரில் அதாவது உதவும்.

ஐந்தாம்_முயற்சி | திங்கள், மதியம் 1:15

நான் கேட் மட்டும் பேசுகிறேன். நான்கு முறை எழுதியிருக்கிறேன், பெயரைப் பார்த்தாலே அடுத்தது தெரியும்.

3 மணி நேரம், 65 கேள்வி, 100 மார்க். அதில் 15 மார்க் பொது அறிவுத்திறன், எல்லாப் பாடத்துக்கும் உண்டு. யாரும் அதைப் படிப்பதில்லை, கடைசியில் எல்லோரையும் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் அதுதான். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 மார்க் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கும், 2 மார்க் கேள்விக்கு ஒரு மார்க்கில் மூன்றில் இரண்டு பங்கும் கழியும். எண்ணாக விடை போடும் கேள்விகளிலும், ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருக்கும் கேள்விகளிலும் கழித்தல் இல்லை. ஆனால் பின்னதில் இருக்கும் எல்லாச் சரியான விடையையும் தொட்டிருக்க வேண்டும், பாதிக்கு மார்க் கிடையாது.

இதெல்லாம் எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். எழுதாத விஷயம் ஒன்று. கீபோர்டைத் தொடக் கூடாது. எண்களைத் திரையில் இருக்கும் பொத்தான்களை மவுஸால் ஒவ்வொன்றாகக் குத்தித்தான் போட வேண்டும். கால்குலேட்டரும் திரையில்தான். வீட்டில் கையில் வைத்திருக்கும் கால்குலேட்டரில் பழகிவிட்டுப் போனால் ஒரு மடக்கை எடுப்பதற்குள் கழுத்து வலிக்கும். அதன் தலையில் டிகிரி, ரேடியன் என்று இரண்டு புள்ளி இருக்கும். என் இரண்டாவது முயற்சியில் அதை மாற்ற மறந்து ஒரு சைன் கணக்கை மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் அதே தப்பான விடை வந்ததால் சரி, இதுதான் விடை என்று நம்பிவிட்டேன்.

முதல் முயற்சி இன்னும் கேவலம். ஒரு விடையைக் குறித்தபின் ‘சேவ் அண்ட் நெக்ஸ்ட்’ அழுத்தினால்தான் அது பதிவாகும். வலது பக்கம் இருக்கும் கேள்வி எண்ணை நேராக அழுத்தித் தாவினால் குறித்தது போய்விடும். அறிவுரைப் பக்கத்தில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது, நான் படிக்காமல் கீழே இருந்த கட்டத்தில் டிக் போட்டேன். கடைசிப் பத்து நிமிடத்தில் பார்த்தால் பச்சையாக இருக்க வேண்டிய எண்களில் நான்கு சிவப்பாக நிற்கின்றன. ஒன்றை மட்டும் மீட்க முடிந்தது.

பொம்மனஹள்ளி_பையன் | திங்கள், இரவு 10:05

ஐந்தாம் முயற்சி அண்ணா, படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. ஒரு சந்தேகம். 100 மார்க்குக்குத் தேர்வு என்கிறீர்கள், ஆனால் எல்லோரும் ‘என் ஸ்கோர் 640, 710’ என்கிறார்களே, அது எங்கிருந்து வருகிறது?

ஐந்தாம்_முயற்சி | திங்கள், இரவு 11:31

அதுதான் யாருக்கும் பொறுமையாக யாரும் சொல்லாத பகுதி. ஒரு வருடம் தாள் கஷ்டமாக இருக்கும், அடுத்த வருடம் சுலபமாக இருக்கும், ஆனால் ஸ்கோர் மூன்று வருடம் செல்லும். அப்போது இரண்டு வருடத்து ஆட்களையும் ஒரே தராசில் வைக்க வேண்டும். அதற்காக இரண்டு முளை அடித்திருக்கிறார்கள். தேர்ச்சி மார்க் எதுவோ அதற்கு 350. முதல் 0.1 சதவீதம் பேர் அல்லது முதல் 10 பேர், இதில் எது பெரிய கூட்டமோ அவர்களின் சராசரி மார்க்குக்கு 900. நடுவில் கயிறு கட்டி அளப்பதுதான்.

கற்பனையாக ஒரு வருடம் எடுத்துக்கொள். தேர்ச்சி 28, மேலே இருப்பவர்கள் சராசரி 88. நீ 58 வாங்கினால் சரியாக நடுவில் நிற்கிறாய். 350-உம் 900-உம் நடுவில் 625. அதுதான் உன் ஸ்கோர். அடுத்த வருடம் தாள் கடினம், தேர்ச்சி 25, மேலே 75 என்று வை. அதே 58 வாங்கினால் 713. மார்க் ஒன்றுதான், ஆள் ஒன்றுதான், ஸ்கோர் வேறு. அதனால் ‘போன வருடம் கட் ஆஃப் எத்தனை மார்க்’ என்று கேட்பதில் அர்த்தமே இல்லை, எத்தனை ஸ்கோர் என்று கேள். கூட்டம் அதிகமுள்ள பாடங்களுக்கு இரண்டு ஷிஃப்டில் இரண்டு தாள் வரும், அங்கே இதற்கு முன்னாலேயே மார்க்கைச் சமன்படுத்தும் ஒரு கணக்கும் உண்டு.

சொல்லுக்கு_ரெண்டு | செவ்வாய், காலை 8:12

எட்டு வருடமாக ஜி.ஆர்.இ. வெர்பல், அதாவது ஆங்கிலப் பகுதி, சொல்லிக்கொடுக்கிறேன். தம்பி கோச்சிங்காரர்கள் வேண்டாம் என்றதால் என் இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், பாடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

உங்கள் அறை நண்பரிடம் சொல்லுங்கள், குளியலறைக் கண்ணாடியைத் துடைத்துவிடலாம் என்று. எதிர்ச்சொல் கேள்விகளும் ‘இதற்கு அது என்றால் அதற்கு எது’ கேள்விகளும் 2011-லேயே போய்விட்டன. இருந்தும் சில இடங்களில் இன்னும் மூவாயிரம் வார்த்தைப் பட்டியலை ஸ்பைரல் பைண்டிங் போட்டுத் தலையில் கட்டுகிறார்கள். இப்போது வெர்பலில் ஏறக்குறைய பாதி, பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வது. மீதி, வாக்கியத்தில் விட்ட இடத்தை நிரப்புவது.

அதிலும் விழுவது அரிய வார்த்தையில் இல்லை, தெரிந்த வார்த்தையில். ‘சாங்ஷன்’ என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டால் எல்லோரும் கை தூக்குவார்கள், “லோன் சாங்ஷன் ஆயிடுச்சு மேடம்” என்பார்கள். ஈரான் மேல் சாங்ஷன் என்று பேப்பரில் வருகிறதே, அது என்ன, லோனா என்று கேட்பேன். அனுமதிப்பதும் அதே சொல், தண்டிப்பதும் அதே சொல். ‘எனர்வேட்’ இன்னொன்று. எனர்ஜி மாதிரி ஒலிக்கிறதே என்று பலர் தெம்பூட்டுவது என்று நினைப்பார்கள், அர்த்தம் தெம்பை உறிஞ்சுவது. ஆறு வார்த்தையில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் ஒரு வகைக் கேள்வி உண்டு, இரண்டும் சரியாக இருந்தால்தான் மார்க். தவறினால் கழிக்க மாட்டார்கள், ஆகவே ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.

தமிழ்வழியில் படித்துவிட்டு வருபவர்கள் வெர்பல் என்றாலே ஒதுங்குவார்கள். என் அனுபவத்தில் அவர்கள் பத்தி வாசிப்பில் நன்றாகவே தேறுகிறார்கள், ஏனெனில் ஒவ்வொரு வாக்கியத்தையும் நின்று படித்துப் பழகியிருக்கிறார்கள். சடசடவென்று ஆங்கிலம் பேசும் பிள்ளைகள்தான் மேலோட்டமாக ஓடிவிட்டு, கட்டுரையாளர் சொல்லாததைச் சொன்னதாக டிக் போடுகிறார்கள்.

பொம்மனஹள்ளி_பையன் | செவ்வாய், இரவு 9:47

அக்கா, நன்றி. நண்பனிடம் காட்டினேன், கோபித்துக்கொண்டான், ஆனால் பாதிச் சீட்டைக் கிழித்துவிட்டான்.

நேற்று இரவு சும்மா இலவச மாதிரித் தேர்வு ஒன்று எழுதிப் பார்த்தேன். கணக்கில் 170-க்கு 158. நான் இன்ஜினியர்! பத்தாம் வகுப்புக் கணக்கு என்கிறார்கள், எனக்கு 158. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மாரத்தஹள்ளி_மாமா | புதன், காலை 6:40

வெட்கப்பட ஒன்றுமில்லை, இன்ஜினியர்கள் எல்லோரும் முதல் தடவை இப்படித்தான் மண்ணைக் கவ்வுவோம். இதற்குப் பதில் சொல். x-இன் வர்க்கம் 49. முதல் பெட்டியில் x, இரண்டாவது பெட்டியில் 7. எது பெரிது?

தயிர்சாதம் | புதன், காலை 9:02

சமம். அடுத்த கேள்வி.

மாரத்தஹள்ளி_மாமா | புதன், காலை 9:10

தயிர்சாதம் விழுந்தார். x மைனஸ் 7 ஆகவும் இருக்கலாமே! அப்போது இரண்டாவது பெட்டி பெரிது. ஆகவே விடை, ‘தீர்மானிக்க முடியாது’. அப்படி ஒரு விடை எல்லா ஒப்பீட்டுக் கேள்விக்கும் நாலாவதாக உட்கார்ந்திருக்கும். கால்குலஸ் இல்லை, டிரிக்னாமெட்ரி இல்லை, திரையில் கால்குலேட்டர் வேறு தருகிறார்கள். ஆனால் மைனஸ், பூஜ்ஜியம், பின்னம், இந்த மூன்றும் வாசலில் பிச்சைக்காரர்கள் மாதிரி நிற்கும், கவனிக்காமல் போனால் பின்னாலேயே வரும்.

அப்புறம் அமைப்பைத் தெரிந்துகொள். 2023 செப்டம்பர் முதல் தேர்வைப் பாதியாகச் சுருக்கிவிட்டார்கள், மொத்தம் 1 மணி 58 நிமிடம். கட்டுரை ஒன்று, 30 நிமிடம். வெர்பல் 27 கேள்வி, 41 நிமிடம். கணக்கு 27 கேள்வி, 47 நிமிடம். இரண்டும் இரண்டிரண்டு பகுதியாக வரும், முதலில் 12, பிறகு 15. முதல் 12-ஐ நீ எப்படிப் போடுகிறாய் என்று பார்த்துத்தான் அடுத்த 15 கடினமாக வருமா சுலபமாக வருமா என்று கணினி முடிவு செய்யும். சுலபமான பகுதிக்குப் போய்விட்டால் அத்தனையும் சரியாகப் போட்டாலும் உச்சிக்கு ஏற முடியாது. ஆகவே முதல் 12-இல் அவசரம் கூடாது. ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் போய் விடையை மாற்றலாம், நிர்வாகப் படிப்புக்கான ஜிமேட்டில் அந்தச் சுதந்திரம் குறைவு, ஒரு பகுதிக்கு 3 விடைதான் மாற்ற விடுவார்கள்.

வெர்பல், கணக்கு ஒவ்வொன்றுக்கும் மார்க் 130-இலிருந்து 170 வரை. பூஜ்ஜியம் யாருக்கும் வராது, அது ஒரு ஆறுதல். ஆனால் வெர்பலில் 165 வாங்கினால் ஊரே திரும்பிப் பார்க்கும், கணக்கில் அதே 165-க்கு அவ்வளவு மரியாதை இல்லை. உலகம் முழுவதும் கணக்கில் கில்லாடிகள் எழுதுகிறார்கள், முழு 170 வாங்கினாலும் உனக்குப் பக்கத்தில் இன்னும் நிறையப் பேர் நிற்பார்கள்.

பூனைக்காரி | புதன், மதியம் 2:36

பக்கத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். பி.டி.எம். லேஅவுட், பூனை இரண்டு முறை எழுதியவள்.

பூனையில் 2 மணி நேரம், மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் சரியாக 40 நிமிடம், ஒன்றில் மிச்சமான நேரத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. சரிக்கு 3, விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தப்புக்கு மைனஸ் 1. பொம்மனஹள்ளிப் பையனுக்கு இது தேவையில்லை என்று நினைக்கிறேன், எம்.பி.ஏ. ஆசை இருந்தால் தவிர.

எனக்கு 97 சதமானம் வந்தது. அம்மா அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். தென்காசி மாமா “நூற்றுக்குத் தொண்ணூற்றேழா! மீதி மூணு எங்கே விட்டே?” என்று கேட்டார். உண்மையில் என் மார்க் மொத்தத்தில் பாதியைக்கூடத் தொடவில்லை. சதமானம் என்றால் எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேர் எனக்குக் கீழே என்பதுதான். மூன்று லட்சத்தை ஒட்டி எழுதும் தேர்வில் 97 என்றால் எனக்கு மேலே இன்னும் எட்டொன்பதாயிரம் பேர் நிற்கிறார்கள். இதை விளக்கினால் மாமாவின் பாராட்டும் போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு வயிற்றெரிச்சல். நான் ஆசைப்பட்ட கல்லூரி பூனை மார்க்கோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கையும் சேர்த்துத்தான் நேர்முகத்துக்குக் கூப்பிடுகிறது. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் எனக்கு அம்மை போட்டிருந்தது, 78 சதவீதம். பதினைந்து வயதில் வந்த அம்மை இருபத்தைந்து வயதில் வந்து கதவை மூடும் என்று யார் நினைத்தார்கள்? விதிமுறையில் முதலிலேயே போட்டிருந்தது, நான்தான் தேர்வு எழுதி முடித்த பிறகு படித்தேன்.

கொத்தமல்லி | வியாழன், அதிகாலை 3:18

(அமெரிக்காவில் மாலை, அதனால்தான் இந்த நேரம். முன்பு கோரமங்கலா.)

தயிர்சாதம் சொன்ன வாண்டர்பில்ட் ஆய்வு உண்மை. ஆனால் அதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் ஆராய்ந்தது ஏற்கெனவே சேர்க்கப்பட்டவர்களை. சேலம் மார்க்கெட்டில் முகர்ந்து பார்த்து, மணக்கிற மாம்பழமாகப் பத்துப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். அந்தப் பத்துக்குள் மணத்துக்கும் இனிப்புக்கும் சம்பந்தம் இல்லை என்று கண்டுபிடித்தால், மார்க்கெட்டில் விட்டுவந்த கூடைக்கும் அது பொருந்தும் என்று சொல்லிவிட முடியுமா? அதோடு அது உயிர்மருத்துவ பி.எச்டி., சிப் வடிவமைப்பு எம்.எஸ். இல்லை.

விண்ணப்பங்களைப் படிக்கும் பேராசிரியர் ஒருவருக்கு நான் ஒரு பருவம் கூடமாட உதவினேன். ஐ.ஐ.டி. மெட்ராஸ் என்று பார்த்தால் அவருக்குத் தெரியும். தம்பி படித்த மாதிரிக் கல்லூரியின் பெயரைப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது. அங்கே 7.4 என்பது நல்ல மார்க்கா, வாத்தியார் கையிறுக்கமா, தாராளமா, எதுவும் தெரியாது. அப்போது கணக்கில் 168 என்று ஒரு எண் இருந்தால் தாளைத் திருப்பாமல் இன்னும் இரண்டு நிமிடம் படிப்பார். ‘விருப்பமிருந்தால் அனுப்பலாம்’ என்று துறைப் பக்கத்தில் போட்டிருப்பதை எல்லோருக்கும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயர்பெற்ற கல்லூரியில் 9.2 வைத்திருப்பவருக்கு அது உண்மையிலேயே விருப்பம். நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் பேச்சுத்துணை. எம்.ஐ.டி. துறை மாதிரி ‘அனுப்பவே வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

ஆனால் ஒன்று, 158-ஐ அனுப்பாதீர்கள். நல்லது வரும்வரை 21 நாளுக்கு ஒரு முறை எழுதலாம், 12 மாதத்தில் 5 முறை. எந்த முயற்சியின் ஸ்கோரை அனுப்புவது என்பது உங்கள் கையில். ஸ்கோர் 5 வருடம் செல்லும்.

தயிர்சாதம் | வியாழன், காலை 9:15

மாம்பழத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொத்தமல்லி, உங்கள் வாதத்தையே திருப்புகிறேன். பேராசிரியருக்குக் கல்லூரி பெயர் தெரியாதது அவர் குறை. அந்தக் குறைக்கு அபராதம் கட்டுவது திருநெல்வேலிப் பையன். 21 நாளுக்கு ஒரு முறை எழுதலாம் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள், ஒவ்வொரு முறையும் இருபத்திரண்டாயிரம். கேட்டுக்கு இரண்டாயிரத்தை ஒட்டித்தான் கட்டணம், அதில் பாஸ் செய்து எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வேறு. நியாயம் எந்தப் பக்கம்?

கொத்தமல்லி | வியாழன், மாலை 5:50

நியாயம் உங்கள் பக்கம். விண்ணப்பம் அவர் பக்கம் போகிறது.

எட்டாம்_மாடி | வெள்ளி, இரவு 8:20

நடுவில் நுழைகிறேன். ஜி.ஆர்.இ.யை வீட்டிலிருந்தும் எழுதலாம் என்று யாராவது நினைத்தால், என் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வெற்றுத் தாளில் கணக்குப் போடக் கூடாது, அழிக்கக்கூடிய சின்ன வெள்ளைப் பலகையிலோ, ஒளிபுகும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த தாளிலோதான் போட வேண்டும். மகளின் பலகையை எடுத்துக்கொண்டேன், ஓரத்தில் மிக்கி மவுஸ் படம். கண்காணிப்பாளர் கேமராவில் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார், மேசைக்கு அடியில் காட்டச் சொன்னார், பலகையின் இரண்டு பக்கமும் காட்டச் சொன்னார். மிக்கி மவுஸை வெகுநேரம் பார்த்தார். ஒருவழியாக ஆரம்பித்தால், கணக்கின் இரண்டாவது பகுதியில் ஏழாம் மாடியில் யாரோ சுவரில் டிரில்லிங் போடுகிறார்கள். அபார்ட்மென்ட் குழுவில் ஞாயிற்றுக்கிழமை வேலை கூடாது என்று பக்கம் பக்கமாகச் சண்டை போட்டவனே அவன்தான். கதவைத் திறந்து கத்தவும் முடியாது, நாற்காலியை விட்டு எழுந்தால் தேர்வு போச்சு.

அடுத்த முறை மையத்துக்குப் போனேன். பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள், கண்ணாடியைக் கழற்றி இரண்டு கம்பியையும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஒரே அமைதி. 4 மார்க் கூடியது, அது அமைதிக்கா பாஸ்போர்ட்டுக்கா தெரியாது.

மாரத்தஹள்ளி_மாமா | சனி, காலை 7:30

தம்பி, இன்னொரு வழி சொல்கிறேன். கேட் என்றால் இந்தியாவுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாதே. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் ம்யூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் சில படிப்புகளுக்கு இந்தியாவிலிருந்து வருபவர்களிடம் ஜி.ஆர்.இ. இல்லாவிட்டால் கேட் ஸ்கோரையே வாங்கிக்கொள்கிறார்கள். துறைக்குத் துறை, வருடத்துக்கு வருடம் மாறும், அந்தந்தத் துறையின் பக்கத்தையே பார். ஜெர்மனி என்றால் நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் தனி, 2022 நவம்பரிலிருந்து கட்டாயம், அதை முன்கூட்டியே வாங்கி வை. நான்கு வருடமாகச் சிப்போடு புழங்குகிறவன் நீ, கேட் பாடத்தில் பாதி உன் கையிலேயே இருக்கிறது. வேலையையும் விடாமல் படிக்கலாம்.

ஐந்தாம்_முயற்சி | சனி, காலை 11:04

வேலையை விடாமல் படிக்கலாம் என்பது உண்மை. சில்க் போர்டு சிக்னலில் நான் ஒரு எலக்ட்ரோமேக்னடிக்ஸ் புத்தகத்தை முடித்திருக்கிறேன்.

பொம்மனஹள்ளி_பையன் | சனி, இரவு 10:50

முடிவு செய்துவிட்டேன். இந்த வருடம் கேட். ஸ்கோர் மூன்று வருடம் செல்லும் என்பதால் இங்கேயும் பார்க்கலாம், சிங்கப்பூரும் பார்க்கலாம். ஜி.ஆர்.இ.யை அடுத்த வருடம் காசு சேர்ந்ததும் யோசிக்கிறேன். எல்லோருக்கும் நன்றி. இழையை மூடாதீர்கள், ரிசல்ட் வந்ததும் வருகிறேன்.

பொம்மனஹள்ளி_பையன் | ஏழு மாதம் கழித்து, வெள்ளி, இரவு 9:33

சொன்ன மாதிரி வந்துவிட்டேன். 612.

ஒவ்வொரு கேள்விக்கும் ‘சேவ் அண்ட் நெக்ஸ்ட்’ அழுத்தினேன் அண்ணா, அழுத்தியபின் எண் பச்சையாகிவிட்டதா என்று ஒரு முறையும் பார்த்தேன். ரேடியனும் மாற்றினேன். பொது அறிவுத்திறனில் ஒரு காகித மடிப்புக் கேள்வியில் நான்கு நிமிடம் போனது, சாகும்வரை மறக்க மாட்டேன். ஐ.ஐ.டி. எம்.டெக். சீட்டுகளுக்கான சி.ஓ.ஏ.பி. தளத்தில் பதிவு செய்துவிட்டேன், என்.ஐ.டி.க்களுக்கான கலந்தாய்வு சி.சி.எம்.டி. திறந்ததும் திருச்சியையும் சூரத்கல்லையும் போடப்போகிறேன். திருச்சி கொஞ்சம் கனவுதான். சிங்கப்பூருக்கு அடுத்த சுற்றில்.

அப்பாவுக்கு போன் செய்தேன். “எவ்வளவு?” என்றார். 612 என்றேன். “எத்தனைக்கு?” என்றார். ஆயிரத்துக்கு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நான் உடனே தேர்ச்சி மார்க், 350, 900, நடுவில் கயிறு என்று ஐந்தாம் முயற்சி அண்ணா சொன்னது முழுக்கச் சொன்னேன், இந்த மதிப்பெண் எவ்வளவு பேரைத் தாண்டி வந்தது என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிப்பா, ஆனா எதிர்வீட்டுப் பொண்ணு கேட்ல தொண்ணூத்தெட்டுல்ல வாங்குச்சு” என்றார்.